உறையில் 100, கையில் 18: மலிவு மெமரி கார்டுகளைச் சோதித்த கதை

ஜனவரி 11, மாலை

ஒருவர் கேட்டிருந்தார்: "64 ஜிபி கார்டு வாங்கினேன். உறையில் 100 எம்பி வேகம் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. எனக்கு எழுதும்போது 18க்கு மேல் ஏறவே இல்லை. இது ஏமாற்றா? அதோடு என் பழைய கார்டில் இன்னொரு தொல்லை, அழித்த படங்கள் மறுநாள் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கின்றன."

இரண்டாவதற்குப் பதில் எளிது. கேமராவில் சரியாக அழித்திருக்க மாட்டீர்கள். முதலாவதுதான் சுவாரசியம். என்னிடம் மேசை இழுப்பறையில் ஐந்து மைக்ரோ எஸ்டி கார்டுகள் கிடக்கின்றன. இன்று இரவு ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

ஜனவரி 11, இரவு 11:40

பார்த்துவிட்டேன். கார்டுகளுக்கு அ, ஆ, இ, ஈ, உ என்று பெயர் வைத்தேன். (யூ, வி, ஏ, கிளாஸ் எல்லாம் கார்டின் மேல் அச்சடித்திருக்கும் வேகக் குறிகள்.) அ தெரிந்த கம்பெனி, 32 ஜிபி, யூ1 ஏ1. ஆ அதைவிட ஒரு படி மேல், 64 ஜிபி, யூ3 வி30 ஏ2. இ அதிகம் கேள்விப்படாத பெயர், 32 ஜிபி, கிளாஸ் 10. ஈ பெயரே இல்லை, 128 ஜிபி என்று சொல்கிறது. உ 32 ஜிபி, காரில் வைக்கும் கேமராவுக்கென்று 'நீண்ட நாள் உழைக்கும்' வகை.

ஒவ்வொன்றிலும் 1 ஜிபி கோப்பை எழுதிப் படித்தேன். படிக்கும் வேகம் ஐந்துக்கும் விநாடிக்கு 34 எம்பி. எழுதும் வேகம் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே. ஆகவே தீர்ப்பு: எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டை. ஸ்டிக்கருக்குத்தான் காசு. மலிவானதை வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஜனவரி 12, காலை

மேலே உள்ள தீர்ப்பை வாபஸ் வாங்குகிறேன். காலையில் பல் துலக்கும்போதுதான் உறைத்தது. ஐந்து வெவ்வேறு கார்டுகள், ஐந்திலும் 34 என்றால் நான் அளந்தது கார்டை இல்லை, கார்டு ரீடரை. எடுத்துப் பார்த்தால் பழைய யூஎஸ்பி 2.0 ரீடர். அதன் உச்சம் விநாடிக்கு 480 மெகாபிட், எட்டால் வகுத்தால் 60 எம்பி, நடைமுறையில் முப்பது நாற்பதுக்குள் அடங்கிவிடும். ஆறு வழிச் சாலையில் ஓட வேண்டிய வண்டியைச் சந்துக்குள் விட்டுவிட்டு வேகம் பார்த்திருக்கிறேன்.

யூஎஸ்பி 3 ரீடர் ஒன்றை இரவல் வாங்கினேன். இப்போது அ 88, ஆ 92, உ 84 என்று படிக்கிறது. இ 80. ஈ மட்டும் அதே 34.

கேள்வி கேட்டவருக்கு: உறையில் இருக்கும் 100 என்பது படிக்கும் வேகம், அதுவும் 'வரை' என்ற சொல்லோடு. அந்தச் சொல்லைப் பொடி எழுத்தில் எங்காவது ஒளித்திருப்பார்கள். எழுதும் வேகத்துக்கு உத்தரவாதம் தருவது கார்டின் மேலுள்ள சின்னச் சின்னங்கள். சி எழுத்துக்குள் 10 இருந்தாலும், யூ எழுத்துக்குள் 1 இருந்தாலும் குறைந்தபட்சம் விநாடிக்கு 10 எம்பி. யூவுக்குள் 3, அல்லது வி30 என்றால் 30. வி60, வி90 என்றும் உண்டு, பெயரிலேயே எண் இருக்கிறது. உங்கள் கார்டு யூ1 என்றால் 18 கொடுத்தது சொன்ன சொல்லுக்கு மேல்தான். ஏமாற்று இல்லை, சாமர்த்தியம்.

பக்கத்தில் தனியாக நிற்கும் ரோமன் ஒன்றைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது யூஎச்எஸ்-1 என்ற பாதையின் பெயர், அதன் உச்சம் 104 எம்பி. யூவுக்குள் இருக்கும் 1 வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே கார்டில், ஒரு செ.மீ. இடைவெளியில் அச்சடிக்கலாம் என்று யோசித்தவருக்கு ஒரு விருது கொடுக்கலாம்.

யூஎச்எஸ்-1 கார்டில் 170, 200 என்று போட்டிருந்தால்? 104க்கு மேல் போவது அந்தத் தரத்தில் இல்லாத ஒரு தனி வழியில். அதைப் புரிந்துகொள்ளும் ரீடர் உங்களிடம் இருந்தால்தான் அந்த எண். போனிலோ கேமராவிலோ பெரும்பாலும் கிடைக்காது.

ஜனவரி 14

லினக்ஸில் டிடி என்ற நகலெடுக்கும் கட்டளை போட்டு எழுதிப் பார்த்தேன். ஆ கார்டு விநாடிக்கு 1.4 ஜிபி எழுதியது. உலக சாதனை.

ஒன்றுமில்லை, எழுதியது கார்டில் இல்லை, கணினியின் தற்காலிக நினைவகமான ராமில். "எழுதியாச்சு" என்று சொல்லிவிட்டு, பின்னால் மெதுவாகக் கார்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கட்டளையில் எஃப்சிங்க் சேர்க்க மறந்தது என் தப்பு. சேர்த்தால் கடைசி பைட் கார்டுக்குப் போகும்வரை நேரத்தை எண்ணும். விண்டோஸிலும் இந்த மாதிரிப் பார்த்திருப்பீர்கள், கோப்பு நகலெடுக்கும்போது தொடக்கத்தில் பறக்கும், அப்புறம் 99 சதவீதத்தில் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும்.

ஜனவரி 17

1 ஜிபி சோதனையே போதாது என்று ஒருவர் குட்டு வைத்தார். சரியான குட்டு. கார்டு முழுவதையும் நிரப்பி, ஒவ்வொரு 100 எம்பிக்கும் வேகத்தைக் குறித்தேன்.

அ தொடக்கம் முதல் முடிவு வரை 19, 20. பெரிய கெட்டிக்காரன் இல்லை, ஆனால் சொல் மாறாதவன். ஆ 61இல் தொடங்கி, ஏழாவது ஜிபி தாண்டியதும் 36க்கு இறங்கி அங்கேயே நின்றது. இ 28இல் தொடங்கி மூன்றாவது ஜிபியில் 10க்கு விழுந்தது. விழுந்ததுகூடப் பரவாயில்லை, நடுநடுவே இரண்டு விநாடி எதுவுமே எழுதாமல் நின்றது. படம் நகலெடுப்பவருக்கு அது தெரியாது. வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும் கேமராவுக்குத் தெரியும், அது ரெக்கார்டிங்கை நிறுத்திவிடும்.

ஏன் இப்படி? இன்றைய மலிவு சிப்புகளில் ஒரு செல்லில், அதாவது தரவைச் சேமிக்கும் ஒரு நுண்ணறையில், மூன்று பிட் திணிக்கிறார்கள், சிலவற்றில் நான்கு. திணிக்கத் திணிக்க எழுத நேரமாகும், ஆயுளும் குறையும். அதை மறைக்க, சில கார்டுகள் கொஞ்சம் இடத்தை ஒதுக்கி அங்கே செல்லுக்கு ஒரே பிட் என்று வேகமாக எழுதிக்கொள்ளும். கல்யாண வீட்டில் வரும் சாமான்களை எல்லாம் முதலில் திண்ணையில் இறக்கி வைப்பது போல. திண்ணை நிறைந்தபிறகு ஒவ்வொன்றாக உள்ளே தூக்கிப்போனால்தான் அடுத்ததை இறக்க முடியும். என் முதல் நாள் சோதனை திண்ணையோடு முடிந்துவிட்டது.

ஜனவரி 20

போனில் ஆப் வைக்கவும், சின்னக் கணினிப் பலகைகளில் இயங்குதளம் வைக்கவும் வாங்குபவர்கள் மேலே சொன்ன எண்களை மறந்துவிடலாம். அங்கே வேலை பெரிய கோப்பு இல்லை, இங்கொன்றும் அங்கொன்றுமாக 4 கேபி துணுக்குகள். அதற்குத்தான் ஏ1, ஏ2. ஏ1 என்றால் விநாடிக்குக் குறைந்தது 1500 துணுக்குப் படிப்பு, 500 எழுத்து. ஏ2 என்றால் 4000, 2000. எழுத்து 500 என்பதை 4 கேபியால் பெருக்கிப் பாருங்கள், விநாடிக்கு வெறும் 2 எம்பி! இதுதான் தேர்ச்சி மதிப்பெண்.

எஃப்ஐஓ என்ற வேகம் அளக்கும் நிரலை வைத்து அளந்தேன். அ 700 சொச்சம். இ நாற்பது. ஆமாம், நாற்பதேதான், பூஜ்யம் விட்டுப்போகவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஏ2 என்று மார்தட்டும் ஆ 550தான், ஏ1 கார்டுக்கும் கீழே. கார்டு கெட்டது என்று எழுதத் தொடங்கி, முன் அனுபவத்தால் ஒரு நாள் பொறுத்தேன். நல்லதாயிற்று. ஏ2வின் எண்கள் வர வேண்டுமென்றால் கட்டளைகளை வரிசையில் போட்டு வைக்கும் வசதியையும், கார்டின் உள் கேஷையும் (தற்காலிகச் சேமிப்பிடம்) நாம் செருகும் கருவி பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். என் ரீடருக்குத் தெரியாது. ராஸ்பெரி பை 5 என்ற சின்னக் கணினிப் பலகையே அந்த வசதிக்கு 2024இல்தான் வந்து சேர்ந்தது. உங்கள் கருவிக்குத் தெரியாதென்றால் ஏ2வுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண்.

ஜனவரி 22

ஈ மாட்டிக்கொண்டது.

128 ஜிபி முழுவதையும் எஃப்3 என்ற போலிக் கார்டு கண்டுபிடிக்கும் நிரல் கொண்டு நிரப்ப மூன்று மணி நேரம். படித்துச் சரிபார்த்தால் முதல் 8 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாகச் சரி, மற்றதெல்லாம் குப்பை. உள்ளே இருப்பது 8 ஜிபி சிப். கார்டை நிர்வகிக்கும் சிப்பான கன்ட்ரோலருக்கு 128 என்று பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எட்டுக்கு மேல் எழுதினால் "சரி ஐயா" என்று வாங்கிக் காற்றில் விட்டுவிடும். இன்னொரு ரகம் உண்டு, அது சுற்றி வந்து பழையதன் மேலேயே எழுதும். அதில் புதுப்படம் இருக்கும், பழையது போய்விடும்.

இதில் எனக்கு உறுத்துவது, ஜனவரி 11 அன்று என் 1 ஜிபி சோதனையில் ஈ ஒரு பிழையும் இல்லாமல் தேறியது. நானும் "மலிவானதை வாங்குங்கள்" என்று எழுதினேன். யாரும் அதைக் கேட்டு வாங்கியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்-டபிள்யூ, இரண்டும் இலவசம். புதுக் கார்டு வாங்கினால் முதல் வேலை இதுவாக இருக்கட்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு எஃப்3யிலேயே 'புரோப்' என்று ஒரு கட்டளை இருக்கிறது, முழுதாக நிரப்பாமல் அங்கங்கே தொட்டு உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். நான் பழைய ஆள், நிரப்பித்தான் நம்புவேன்.

64 ஜிபி கார்டு 59.6 என்று காட்டுகிறதே என்று மட்டும் சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனி ஆயிரத்தால் வகுக்கிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. அது கணக்கு, களவு இல்லை.

ஜனவரி 23

விட்டுப்போனது: கார்டுக்குள் சிஐடி என்று ஒரு பதிவு இருக்கிறது. தயாரிப்பாளர் எண், மாடல் பெயர், வரிசை எண், தயாரித்த மாதம் எல்லாம் அதில் இருக்கும். சான்டிஸ்க் என்றால் எண் 03, சாம்சங் என்றால் 1பி. யூஎஸ்பி ரீடர் வழியாக இது தெரியாது, மடிக்கணினியில் நேரடியாக இருக்கும் துளையில் போட்டால் லினக்ஸ் காட்டும். ஈ கார்டில் வரிசை எண் முழுக்கப் பூஜ்யம். பிறப்புச் சான்றிதழே இல்லாத பிள்ளை. ஆனால் சிஐடியையும் போலியாக எழுத முடியும், ஆகவே அது சரியாக இருந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம்.

ஜனவரி 25

அடையாளத்துக்குக் கார்டின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டாதீர்கள். உ அடாப்டருக்குள் சிக்கி, குறடால் எடுத்தேன். இப்போது மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 1

வேகம் போதும். எத்தனை நாள் தாங்கும்?

புத்தகக் கணக்கு இப்படி. செல்லுக்கு ஒரு பிட் வகை லட்சம் முறை அழித்து எழுதத் தாங்கும், மூன்று பிட் வகை ஆயிரத்திலிருந்து மூவாயிரம், நான்கு பிட் அதற்கும் கீழே. உறையில் இதைப் போட மாட்டார்கள். 'உழைக்கும்' வகையில் மட்டும் இத்தனை ஆயிரம் மணி நேர வீடியோ என்று போடுவார்கள், எந்தத் தரத்தில் எடுத்த வீடியோ என்று பொடி எழுத்தில் தேட வேண்டும்.

ஆகவே தானாக ஓட ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைத் தொகுப்பு, எழுதினேன். கார்டின் முதல் பிளாக் முதல் கடைசி பிளாக் வரை, அந்தந்த இடத்தின் எண்ணைக் கொண்டு உருவாக்கிய குப்பையை எழுதும், பிறகு முழுவதையும் படித்து ஒப்பிடும், மறுபடி தொடங்கும். இ கார்டும் உ கார்டும் போட்டியில் இறங்குகின்றன. இ கார்டுக்கு ஒரு சுற்று ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், நாளுக்கு 23 சுற்று. உ 20 எம்பியில் எழுதுவதால் நாளுக்கு 42. இதனால்தான் 32 ஜிபியில் செய்கிறேன். 128 ஜிபி கார்டை 15 எம்பியில் ஆயிரம் முறை நிரப்ப, எழுதுவதற்கு மட்டும் நூறு நாள் ஆகும்.

பிப்ரவரி 6, நள்ளிரவு

உ செத்தது! 190ஆவது சுற்றில் வரிசையாகப் பிழை. 'நீண்ட நாள் உழைக்கும்' என்று கூடுதல் காசு வாங்கிய கார்டு 190இல் மண்டையைப் போட்டது, கேள்விப்படாத பெயர் இ ஜம்மென்று ஓடுகிறது. இனி அந்த வகையை யாராவது பரிந்துரைத்தால்

பிப்ரவரி 7

மேலே உள்ளதை முடிக்காமல் தூங்கிவிட்டேன், நல்லது. உ சாகவில்லை. கணினியின் லாகை (நிகழ்வுப் பதிவு) பார்த்தால் யூஎஸ்பி இணைப்பு பிழை வந்த நேரத்தில் மூன்று முறை அறுந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு ரீடரையும் ஒரே ஹப்பில் (ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) சொருகியிருந்தேன், தொட்டால் கை சுடுகிறது. உ கார்டை நேரடியாகக் கணினியில் மாட்டியதும் ஒரு பிழையும் இல்லை. மறுபடியும் கார்டைத் தவிர மற்றதையெல்லாம் சோதித்திருக்கிறேன்.

பிப்ரவரி 20

இ கார்டைப் பற்றி ஒரு அதிசயம். 431ஆவது சுற்றிலிருந்து எழுதும் வேகம் 10இலிருந்து 38க்கு ஏறிவிட்டது. நடுவில் மூச்சு நிற்பதும் இல்லை. ஒரு பிழையும் இல்லை. வயதான காலத்தில் இளமை திரும்பியிருக்கிறது. ஹப்பை மாற்றியதாலா? அது முன்பே மாற்றியாயிற்றே. கன்ட்ரோலர் ஏதோ உள்ளே ஒழுங்குபடுத்திக்கொண்டது என்று நினைக்கிறேன். எப்படியோ, மலிவு கார்டுக்கு ஒரு ஜே.

பிப்ரவரி 22

ஜேயைத் திரும்பக் கொடுங்கள்.

இ கார்டில் கொஞ்சம் படங்களைப் போட்டுப் பார்க்கலாம் என்று கழற்றி, ஃபார்மட் செய்தேன். ஆனது. படங்களை நகலெடுத்தேன். ஆனது. கழற்றி மறுபடி மாட்டினேன். ஃபார்மட் செய்யாத கார்டு என்கிறது. மறுபடி ஃபார்மட், மறுபடி கழற்றி மாட்டு, மறுபடி அதே. கார்டு எழுதுவதை நிறுத்திவிட்டது. எழுதச் சொன்னால் மறுப்பு சொல்லாமல் வாங்கிக்கொள்கிறது, பிழை எதுவும் காட்டுவதில்லை, உள்ளே ஒன்றும் மாறுவதில்லை. எழுதாத கார்டு வேகமாகத்தான் எழுதும்!

பிழை ஏன் வரவில்லை? என் ஸ்கிரிப்டின் முட்டாள்தனம். குப்பையை இடத்தின் எண்ணைக் கொண்டு மட்டும் உருவாக்கினேன். அப்படியென்றால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே குப்பை. எழுதாமலே இருந்தாலும் பழைய சுற்றில் எழுதியது அப்படியே ஒத்துப்போகும். பரீட்சைக்கு வருடா வருடம் அதே கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு, பையன் நூறு வாங்குகிறான் என்று மகிழ்ந்திருக்கிறேன். இப்போது சுற்று எண்ணையும் குப்பைக்குள் கலந்துவிட்டேன். உ கார்டின் பழைய கணக்கும் செல்லாது, பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

இன்னொன்றும் தோன்றுகிறது, இ 431இல்தான் நின்றது என்பதற்கு வேகப் பதிவு மட்டுமே சாட்சி. அதுவரை ஒரே சீராக 10இல் எழுதியதால் நம்புகிறேன், சத்தியம் செய்ய மாட்டேன்.

அப்புறம் முக்கியமானது. ஜனவரி 11 அன்று "அழித்த படங்கள் திரும்ப வருகின்றன" என்று கேட்டவரிடம், சரியாக அழித்திருக்க மாட்டீர்கள் என்று எகத்தாளமாகச் சொன்னேன். மன்னிக்கவும் நண்பரே. நீங்கள் சரியாகத்தான் அழித்தீர்கள். உங்கள் பழைய கார்டும் இதே நிலையில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஒரு புதுப்படம் எடுத்து, கார்டைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், அதுவும் காணாமல் போனால் சந்தேகமே இல்லை. உடனே உள்ளே இருப்பதை நகலெடுத்துக்கொள்ளுங்கள், படிக்க இன்னும் முடிகிறது.

பிப்ரவரி 24

430 சுற்று என்பது குறைவா, அதிகமா என்று கேட்கிறார்கள். 430 தடவை 32 ஜிபி, கிட்டத்தட்ட 13.8 டிபி. கார் கேமரா விநாடிக்கு 2 எம்பி எழுதுகிறது என்று வையுங்கள், மணிக்கு 7.2 ஜிபி, நாலரை மணிக்குள் ஒரு நிரப்பு. 430 நிரப்புக்கு 1900 மணி நேரம். நாளுக்கு இரண்டு மணி ஓட்டுபவருக்கு இரண்டரை வருடம். மோசமில்லை. ஆனால் இது வரிசையாக எழுதிய கணக்கு. சின்னக் கணினிப் பலகையில் லாக் எழுதிக்கொண்டே இருந்தால், 4 கேபி துணுக்குக்காகப் பெரிய பிளாக் ஒன்றையே நகர்த்தி அழித்து எழுத வேண்டியிருக்கும், ஆயுள் அதற்கேற்பக் கரையும். அங்கே லாகை ராமில் வைப்பது எந்தக் கார்டு வாங்குவதையும்விடப் பலன் தரும்.

ஒரே ஒரு கார்டை வைத்து அந்தக் கம்பெனியையே எடைபோட வேண்டாம். மலிவு கார்டில் அதே பெயர், அதே ஸ்டிக்கருக்குள் அடுத்த லாட்டில் வேறு சிப் இருக்கலாம். பெயரை வெளியிடச் சொல்பவர்களுக்கும் இதுதான் பதில்.

மார்ச் 18

உ புதுக் கணக்கில் 1000 சுற்றைத் தாண்டியது. வேகம் 20இலிருந்து 19. பிழை இல்லை, இந்த முறை உண்மையிலேயே இல்லை. கழற்றி இழுப்பறையில் போடுகிறேன். தேய்ந்த செல்களில் மின்னூட்டம் சீக்கிரம் கசியும், சூட்டில் இன்னும் சீக்கிரம். ஆகவே எழுதிய கையோடு படித்துச் சரிபார்ப்பது பாதிச் சோதனைதான். ஒரு மாதம் கழித்துப் படிக்கிறேன்.

ஏப்ரல் 19

படித்தேன். எல்லா பைட்டும் ஒத்துப்போகிறது. ஆனால் மார்ச்சில் சீராக 84இல் படித்த கார்டு, அங்கங்கே 30, 25 என்று தடுமாறுகிறது. மங்கிய எழுத்தைக் கண்ணைச் சுருக்கித் திரும்பத் திரும்பப் படிப்பது போல, கன்ட்ரோலர் மறுபடி மறுபடி முயன்று மீட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். முழுவதையும் ஒரு தடவை அழித்து எழுதியதும் பழைய 84 வந்துவிட்டது. எனவே படங்களைக் கார்டிலேயே போட்டு வருடக்கணக்கில் அலமாரியில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே எடுத்து வேறு இடத்தில் ஒரு நகல் வையுங்கள்.

ஏப்ரல் 20

பழைய கார்டுக்காரர் எழுதியிருக்கிறார். புதுப்படம் நிஜமாகவே காணாமல் போனதாம். பழையதை நகலெடுத்துவிட்டார், கார்டை உத்தரவாதத்தில் திருப்பிக் கொடுக்கலாமா என்கிறார். குடும்பப் படங்கள் இருந்தால் நான் கொடுக்க மாட்டேன். அதை இனி உங்களாலேயே அழிக்க முடியாது, கையில் கிடைத்தவர் எவரும் படிக்கலாம். கத்தரியால் சிப் உள்ள பகுதியில் குறுக்கே வெட்டிவிடுங்கள்.

என் இ கார்டை வெட்டவில்லை. அதில் என் ஸ்கிரிப்ட் எழுதிய குப்பைதான் 32 ஜிபிக்கு நிரம்பியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும்.